லிமிட்டர் இருந்தும் காயில் ஏன் கருகியது?

கேள்வி இதுதான். 18 அங்குல சப் ஸ்பீக்கர்கள் (கீழ் ஒலிக்கானவை) நான்கு. ஒவ்வொன்றும் 8 ஓம், 500 வாட். ஆம்ப்ளிஃபயரின் ஒரு சேனலுக்கு இரண்டு வீதம் இணையாக மாட்டியிருக்கிறீர்கள். ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் சேனலுக்கு 1800 வாட் தரக்கூடியது. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒலியைச் சீராக்கும் பிராசசரில் லிமிட்டர் (ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் பிடிப்பது) போட்டு, ஆம்ப்ளிஃபயரின் கிளிப் விளக்கு (எல்லை மீறி அலையின் தலை வெட்டப்படுவதைக் காட்டுவது) ஒருமுறைகூட எரியாத அளவில் வைத்திருந்தீர்கள். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் லிமிட்டர் விளக்கு மட்டும் பெரும்பாலும் எரிந்தபடியே இருந்தது. கடைசியில் ஒரு சப் ஊமையாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் வாய்ஸ் காயில், அதாவது கோனை ஆட்டும் கம்பிச் சுருள், கருகிக் கிடக்கிறது. லிமிட்டர் இருந்தும் இது எப்படி நடந்தது, அதன் த்ரெஷோல்டை (அது பிடிக்கத் தொடங்கும் அளவை) எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் லிமிட்டர் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் அந்த வேலை காயிலைக் காப்பாற்றும் வேலையே இல்லை.

ஸ்பீக்கர் சாவது இரண்டு விதமாக. ஒன்று அடி, இன்னொன்று சூடு. திடீரென்று பெரிய முகடு (அலையின் உச்சி) ஒன்று வந்து கோனை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளினால் காயில் காந்தத்தின் பின்தகட்டில் மோதும், காயிலை நடுவில் பிடித்திருக்கும் ஸ்பைடர் கிழியும், கோன் கழுத்தில் விரிசல் விழும். இது ஒரு நொடிகூட ஆகாத காரியம். சூடு வேறு கதை. ஒரு கோன் ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சக்தியில் சில சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது; மீதி முழுவதும் காயிலில் வெப்பமாகிறது. 500 வாட் தொடர்ந்து போனால், ஒரு சின்ன செப்புச் சுருளுக்குள் 500 வாட் ஹீட்டர் ஒன்று எரிகிறது என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. அந்தச் சூடு காந்தத்துக்கும் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் மெல்ல மெல்லத்தான் கடந்து போக முடியும். போகிற வேகத்தைவிட வருகிற வேகம் கூடினால் காயிலின் பசை இளகும், சுற்றுகள் குலையும், கம்பியின் மேற்பூச்சு கருகும்.

எது கொன்றது என்பதைப் பிரித்தெடுத்த காயிலே சொல்லிவிடும். கம்பி பளபளப்பாக இருந்து, அதைத் தாங்கும் உருளையின் அடி விளிம்பு மட்டும் நசுங்கியிருந்தால் அது அடிபட்டுச் செத்தது. உருளை பழுப்பேறி, கம்பி கறுத்து, சுற்றுகள் தளர்ந்து, மூக்கை அருகே கொண்டுபோனதுமே எரிந்த வார்னிஷ் வாடை அடித்தால் அது வெந்து செத்தது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

லிமிட்டரிலும் அதே போல இரண்டு வகை உண்டு. பீக் லிமிட்டர் அடியைத் தடுக்கிறது. ஆர்எம்எஸ் (அலையின் சராசரி அளவு) லிமிட்டர் சூட்டைத் தடுக்கிறது. கிளிப் விளக்கு எரியாத அளவுக்கு வைக்கப்பட்ட லிமிட்டர் பீக் லிமிட்டர். அதற்கு முகடுகள் மட்டும்தான் கண்ணில் படும். முகடுகளுக்குக் கீழே சராசரி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

உங்கள் ஆம்ப்ளிஃபயரையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 ஓமில் 1800 வாட் என்றால் சைன் அலையில் (ஒரே அதிர்வெண் கொண்ட சுத்தமான அலை) ஆர்எம்எஸ் அளவு சுமார் 85 வோல்ட். அதன் முகடு 120 வோல்ட். இணையாக மாட்டிய இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இதே வோல்டேஜ்தான் போகிறது. இப்போது முகடு எப்போதும் 120 வோல்ட்டில் நிற்கிறது, இசை மட்டும் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிக்கப்படாத இசையில் முகடு சராசரியைவிட 12 டெசிபெல் மேலே இருக்கலாம். அப்படியானால் சராசரி 30 வோல்ட், ஒரு ஸ்பீக்கருக்கு 112 வாட். அந்த இடைவெளி 6 டெசிபெல்லாகச் சுருங்கினால் சராசரி 60 வோல்ட், 450 வாட். நீண்டு இழுக்கும் மின்னணு பாஸ் ஒலி கிட்டத்தட்ட சைன் அலைதான். இடைவெளி 3 டெசிபெல், சராசரி 85 வோல்ட், 900 வாட். மூன்று நிலையிலும் முகடு ஒன்றுதான். மூன்றிலும் கிளிப் விளக்கு அணைந்தே இருக்கும். ஆனால் காயிலில் விழும் சூடு எட்டு மடங்கு மாறிவிட்டது.

இங்கேதான் கொடுமை தொடங்குகிறது. காயில் சூடேறினால் செம்பின் மின்தடை கூடும். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம். 200 டிகிரி ஏறினால் மின்தடை ஏறக்குறைய 1.8 மடங்கு. அதே வோல்டேஜுக்கு மின்னோட்டம் குறையும்; ஒலியும் குறையும். இதைத்தான் பவர் கம்ப்ரஷன் என்கிறோம். மிக்சரில் நிற்பவருக்கு ஒரு மணி நேரம் கழித்து "பாஸ் கொஞ்சம் இறங்கிவிட்டதே" என்று தோன்றும். அவர் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டும் தள்ளுகுமிழ்) ஏற்றுவார். முகட்டை லிமிட்டர் பிடித்துக்கொள்ளும். ஏற்றியது முழுவதும் சராசரியில் போய்ச் சேரும். காயில் இன்னும் சூடாகும், ஒலி இன்னும் இறங்கும், ஃபேடர் இன்னும் ஏறும். லிமிட்டர் விளக்கு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் எரிந்தபடியே இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே என் கண்முன் வந்தது இந்தக் காட்சிதான். பீக் லிமிட்டரை மட்டும் நம்பி அதற்குள் 8, 10 டெசிபெல் ஆழமாகத் தள்ளினால் அது காயிலைக் காப்பதற்குப் பதிலாக வேக வைக்கிறது.

பரவலான ஒரு நம்பிக்கையையும் இந்த இடத்தில் சரிசெய்ய விரும்புகிறேன். கிளிப் ஆன ஆம்ப்ளிஃபயர் நேர்மின்னோட்டத்தை அனுப்புகிறது, அதனால்தான் ஸ்பீக்கர் எரிகிறது என்பார்கள். நன்றாக வேலை செய்யும் ஆம்ப்ளிஃபயரில் அப்படி நடப்பதில்லை. தலை வெட்டப்பட்ட அலை மெல்ல மெல்லச் சதுர அலையாகிறது. அதே முகடுள்ள சைன் அலையைவிடச் சதுர அலைக்குச் சக்தி இரு மடங்கு. ஆக, அங்கேயும் கொல்வது சராசரியின் உயர்வுதான். பேசிவ் கிராஸ்ஓவர் (ஆம்ப்ளிஃபயருக்குப் பிறகு பெட்டிக்குள்ளேயே கீழ், மேல் அதிர்வெண்களைப் பிரிப்பது) உள்ள டாப் பெட்டிகளில் (சப்புக்கு மேலே உள்ள ஒலியைத் தருபவை) கூடுதல் ஆபத்து உண்டு: கீழ் அதிர்வெண்கள் கிளிப் ஆகி நின்றுவிட, மேல் அதிர்வெண்களின் அளவு ஏறிக்கொண்டே போகும். கிளிப்பால் பிறக்கும் புதிய மேல் அதிர்வெண்களும் அதோடு சேர்ந்து மேல் ஒலி தரும் ஹார்னின் சின்ன டிரைவருக்குள் போய் விழும். சிறிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கொல்லும் என்ற பேச்சுக்கு அடிப்படை இதுதான்.

இனி எண்களுக்கு வருவோம். லிமிட்டர் வைக்கும்போது வாட்டை மறந்துவிட்டு வோல்ட்டில் யோசியுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். 500 வாட், 8 ஓம்: 4000-இன் வர்க்கமூலம், 63.2 வோல்ட். இரண்டு ஸ்பீக்கரை இணையாக மாட்டினாலும் நான்கை மாட்டினாலும் இந்த எண் மாறாது. "இரண்டு மாட்டினால் 1000 வாட் ஆயிற்றே, த்ரெஷோல்டை ஏற்ற வேண்டாமா" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. மின்னோட்டம்தான் இரட்டிப்பாகிறது, வோல்டேஜ் அப்படியே இருக்கிறது.

ஆனால் 63.2-ஐ அப்படியே ஆர்எம்எஸ் லிமிட்டரில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த 500 வாட் எப்படி வந்தது என்று பாருங்கள். ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஏஇஎஸ் 2 தரநிலையின்படி அளந்திருந்தால், முகடும் சராசரியும் 6 டெசிபெல் விலகியிருக்கும் பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) இரண்டு மணி நேரம் கொடுத்து, ஸ்பீக்கர் நிரந்தரமாகப் பெரிய அளவில் மாறாமல் தாங்கிய சக்தி அது. பெட்டிக்குள் அடைபடாமல், திறந்த காற்றில் வைத்துச் செய்த சோதனையாக இருக்கவும் கூடும். உங்கள் ஸ்பீக்கரோ பெட்டிக்குள் அடைபட்டு, தன் சூட்டிலேயே காய்ந்த காற்றில், மூன்று மணி நேரம் உழைக்கிறது. அதற்கு அடுத்த வாரமும் நிகழ்ச்சி உண்டு. அதனால் நீண்ட நிகழ்ச்சிக்கு நான் 300 வாட் என்று எடுப்பேன். வோல்ட்டில் 49. ஒலியில் இழப்பது 2 டெசிபெல்லுக்குச் சற்றுக் கூடுதல். கூட்டத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்கக்கூட மாட்டார்கள். விளம்பரத்தாளில் கொட்டை எழுத்தில் வரும் புரோகிராம் வாட் இதன் இரு மடங்கு, பீக் வாட் நான்கு மடங்கு. அவற்றை ஆர்எம்எஸ் கணக்கில் போட்டுவிட்டால் எல்லாம் வீண்.

பீக் லிமிட்டருக்குக் கணக்கு வேறு. சோதனையில் 63.2 வோல்ட் சராசரிக்கு 6 டெசிபெல் மேலே முகடு இருந்தது, அதாவது 126 வோல்ட். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் உச்சமே 120 வோல்ட்தான், ஆகவே அதன் கிளிப் எல்லைக்குச் சற்றுக் கீழே பீக் லிமிட்டரை வைத்தால் போதும். இதில் ஒரு குழப்பம் பலரை மாட்டிவிடுகிறது. சைன் அலையை வைத்து மல்டிமீட்டரில் அளக்கும்போது மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ். முகடு அதன் 1.41 மடங்கு. மீட்டரில் 80 வோல்ட் என்றால் முகடு 113 வோல்ட். 126 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மீட்டரில் 126 வரும்வரை ஏற்றினால் முகடு 178 வோல்ட்டுக்குப் போய்விடும். பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இந்தத் தவற்றால்தான் கோனைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

அளக்கும் முறை எளிது. முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிடுங்கள்; இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் குமிழ்களை முழுவதும் திறந்து வையுங்கள். மிக்சரிலோ பிராசசரிலோ 60 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். அங்கே 80 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கை பட்டால் ஆபத்து. ஆய்வுமுனையைப் பொருத்திய பிறகு சிக்னலை ஏற்றுங்கள். ஆர்எம்எஸ் லிமிட்டரை அணைத்துவிட்டு, சிக்னலை நன்றாக மேலே தள்ளி, பீக் த்ரெஷோல்டை இறக்கிக்கொண்டே வந்து மீட்டரில் 80 வந்ததும் நிறுத்துங்கள். பிறகு ஆர்எம்எஸ் லிமிட்டரைப் போடுங்கள். அது மெதுவாக வேலை செய்வது. த்ரெஷோல்டைக் கொஞ்சம் இறக்கி, சில நொடி காத்திருந்து, மீட்டரின் எண் வழுக்கி வந்து நிற்பதைப் பார்த்து, மறுபடியும் இறக்க வேண்டும். 49-இல் நின்றால் சரி. அந்த எண் மெல்ல இறங்கி நிலைப்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் இரண்டு லிமிட்டர்களுக்கும் உள்ள வேறுபாடு பிறகு மறக்காது.

கணக்காகவும் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் கெய்ன் (வோல்டேஜைப் பெருக்கும் அளவு) 32 டெசிபெல் என்றால் அது 40 மடங்கு. 49-ஐ 40-ஆல் வகுத்தால் 1.225 வோல்ட், டிபியூ (வோல்டேஜை டெசிபெல்லில் குறிப்பது) அளவில் கிட்டத்தட்ட +4. பீக்குக்கு 80-ஐ வகுத்தால் 2 வோல்ட், +8 டிபியூவுக்குச் சற்று மேல். கெய்ன் 26 டெசிபெல் என்றால் அது 20 மடங்குதான், த்ரெஷோல்ட் 6 டெசிபெல் மேலே போகும். கெய்னை மாற்றும் சின்ன ஸ்விட்ச் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருக்கும். ஒரே ரேக்கில் ஒன்று அப்படியும் மற்றொன்று இப்படியும் வைக்கப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் முறைக்கு (இரண்டு சேனலையும் ஒன்றாக்கி ஓட்டுவது) மாற்றினாலும் கெய்ன் 6 டெசிபெல் கூடும். இவற்றில் எதைத் தொட்டாலும் பழைய த்ரெஷோல்ட் செல்லாது.

குமிழ்களை ஏன் முழுவதும் திறக்கச் சொன்னேன் என்பதற்கு நான் கொடுத்த விலை இரண்டு சப். ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்கு, ஆம்ப்ளிஃபயர் குமிழ்கள் பாதியில் இருந்தபோது லிமிட்டரை மிகவும் கவனமாக அளந்து வைத்தேன். இடைவேளையில் யாரோ நல்லெண்ணத்தில் குமிழ்களை முழுவதும் திருப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை. திருப்பக்கூடிய நிலையில் விட்டது நான். லிமிட்டர் தன் அளவில் கச்சிதமாக நின்றது, அதற்குப் பின்னால் கெய்ன் கூடிவிட்டது. லிமிட்டர் அறியாத கெய்ன் அதற்குப் பின்னால் எங்குமே இருக்கக் கூடாது. அதனால்தான் அதன் இடம் ஈக்வலைசருக்கும் கிராஸ்ஓவருக்கும் பிறகு, ஒவ்வொரு பேண்டுக்கும் (அதிர்வெண் பகுதிக்கும்) தனித்தனியாக, ஆம்ப்ளிஃபயருக்கு முன் கடைசியில். மிக்சரின் மெயின் வெளியீட்டில் போடும் லிமிட்டர் இசையைக் கட்டுக்குள் வைக்கலாம், ஸ்பீக்கரைக் காக்காது. அதற்குப் பிறகு யாராவது 50 ஹெர்ட்ஸை 9 டெசிபெல் ஏற்றினால் அது என்ன செய்யும்?

அட்டாக் (லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரம்), ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) ஆகியவற்றைப் பொறுத்தவரை, பீக் லிமிட்டரின் அட்டாக் அந்த பேண்டின் மிகக் கீழ் அதிர்வெண்ணில் அரைச் சுழற்சி அளவுக்கு இருக்கட்டும். 31 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 32 மில்லி வினாடி. ஆகவே சப்புக்கு 16 மில்லி வினாடி. அதைவிட மிக வேகமாக வைத்தால் லிமிட்டர் அலையின் ஒவ்வொரு மேட்டையும் பிடித்து நசுக்கி, பாஸ் ஒலியைக் கரகரப்பாக்கும். ரிலீஸ் அட்டாக்கைப்போல் 16 மடங்கு என்பது பலர் கையாளும் வழக்கம். இங்கே சுமார் 250 மில்லி வினாடி. ஹார்ன் டிரைவருக்கு அட்டாக் அரை மில்லி வினாடிக்கும் குறைவாக வேண்டும். ஆர்எம்எஸ் லிமிட்டர் இதற்கு நேர்மாறு: சப்புக்கு அட்டாக் சில நொடிகள், ரிலீஸ் அதைவிட நீளம். சூடு ஏறுவதும் இறங்குவதும் நொடிக்கணக்கில் என்பதால் அதைக் காவல் காப்பதும் அதே நிதானத்தில் இருக்க வேண்டும். உங்கள் பிராசசரில் ஒரே ஒரு லிமிட்டர்தான் உண்டு என்றால், வெளியீட்டில் இருக்கும் கம்ப்ரஸரை மிக உயர்ந்த விகிதத்தில், அது அனுமதிக்கும் மிக மெதுவான அட்டாக்கில் 49 வோல்ட்டுக்கு வைத்து அந்த வேலையைக் கொடுக்கலாம். முழுமையான மாற்று ஆகாது. இல்லாமல் இருப்பதைவிட நிச்சயம் மேல்.

ஹார்ன் டிரைவர் மிக மென்மையானது. 80 வாட் என்று போட்டிருக்கும் டிரைவருக்கு நான் ஆர்எம்எஸ் லிமிட்டரை 40 வாட்டில்தான் வைப்பேன். 8 ஓமில் சுமார் 18 வோல்ட். காரணம் ஃபீட்பேக். மைக் கத்தும்போது வருவது கிட்டத்தட்டச் சுத்தமான சைன் அலை. 3 கிலோஹெர்ட்ஸில் சில நொடி நீண்டால் மெல்லிய காயிலுக்கு அதுவே போதும். சூடு ஏறும் வேகம் அங்கே அதிகம், ஆகவே ஆர்எம்எஸ் அட்டாக்கும் சப்பைவிடப் பலமடங்கு குறைவாக இருக்க வேண்டும். மல்டிமீட்டர்களில் பல ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும். அதனால் இந்த பேண்டில் ஆம்ப்ளிஃபயரின் கெய்னை 60 ஹெர்ட்ஸை நேரடியாகக் கொடுத்து அளந்துவிட்டு, த்ரெஷோல்டைக் கணக்கால் வையுங்கள். அப்போதும் டிரைவர் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

எந்த லிமிட்டராலும் முடியாத ஒன்று உண்டு. துளையுள்ள பாஸ் பெட்டிகளில், பெட்டி ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனைத் தாங்கும் காற்றின் பிடி விட்டுவிடும். சாதாரண வோல்டேஜுக்கே கோன் தாறுமாறாக ஆடும், ஒலியும் வராது. 45 ஹெர்ட்ஸில் பாதுகாப்பான 80 வோல்ட் 22 ஹெர்ட்ஸில் ஸ்பைடரைக் கிழித்துவிடலாம். லிமிட்டருக்கு இரண்டும் ஒரே 80 வோல்ட்தான். அதனால் பெட்டியின் ட்யூனிங் அதிர்வெண்ணை ஒட்டி அதற்குக் கீழுள்ள அதிர்வெண்களை வெட்டும், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் ஹை பாஸ் ஃபில்டர் ஒன்று கட்டாயம், அதுவும் லிமிட்டருக்கு முன்னால். மேடையின் அதிர்வும் மைக்கில் அடிக்கும் காற்றும் எழுப்பும் உறுமல் அதோடு அடங்கும். கோனும் வெறுமனே ஆடாது.

ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருக்கும் கிளிப் லிமிட்டரை ஸ்பீக்கரின் காவலாக எண்ண வேண்டாம். அது ஆம்ப்ளிஃபயரின் எல்லையை அறியும், ஸ்பீக்கரின் எல்லையை அறியாது. ஆம்ப்ளிஃபயரும் பிராசசரும் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர்களில் தயாரிப்பாளர் எல்லாவற்றையும் அளந்து வைத்திருப்பார். அங்கே நாம் எதையும் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் அதன் சிவப்பு விளக்கு நின்று எரிந்தால், பெட்டி போதவில்லை என்று அது சொல்கிறது. உங்கள் நிகழ்ச்சிக்கும் அதுவே பொருந்தும். 49 வோல்ட்டில் வைத்த பிறகும் ஆர்எம்எஸ் லிமிட்டர் விளக்கு இடைவிடாமல் எரிந்தால் அந்த இடத்துக்கு நான்கு சப் போதாது. இன்னும் இரண்டு வாடகைக்கு எடுப்பது ஒரு காயிலை மாற்றுவதைவிட மலிவாகவே முடியும்.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன் மீதி மூன்று சப்பையும் பாருங்கள். எரிந்ததன் ஜோடியைப் பற்றித் தனியாகப் பயப்பட வேண்டாம். இணையாக மாட்டியதில் ஒன்று அறுந்தாலும் மற்றதற்குப் போகும் வோல்டேஜ் கூடுவதில்லை. ஆனால் மூன்றுமே அதே சூட்டை அனுபவித்தவை. குளிர்ந்த நிலையில், வயரைக் கழற்றி, ஒவ்வொன்றின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 5-இலிருந்து 6.5 ஓம் வரை இருப்பது இயல்பு. ஒரே மாடலில் ஒன்று மட்டும் தெளிவாக விலகி நின்றால் அதன் சுற்றுகளில் கோளாறு இருக்கிறது. பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் நடுமூடியைச் சுற்றிச் சம தூரத்தில் பரப்பி, நேராக, மெதுவாக அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். மணல் உரசுவதுபோல் மெல்லிய சத்தம் வந்தால் காயில் வீங்கியோ சாய்ந்தோ இருக்கிறது. அதை அந்த மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.